டேமேஜ், டேமேஜஸ்: ஓர் எழுத்தில் மாறும் கதை

ஸ்பெல்லிங் தவறுகளைப் பற்றிப் பேசப்போவதில்லை. அவற்றைக் கணினியே சுட்டிக்காட்டிவிடும். மொழிபெயர்ப்புக்குப் புதிதாக வருகிறவர்களின் தாள்களைத் திருத்தும்போது, என்னுடைய பழைய பிழைகளே வரிசைகட்டி வருகின்றன. அவற்றுள் 'டேமேஜ்' என்ற ஆங்கிலச் சொல்லில் வரும் சில.

பன்மை என்று நினைத்து 'டேமேஜஸ்' எழுதுவது

இன்றும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். தமிழில் 'சேதங்கள்' என்கிறோமே, அந்தக் 'கள்'ளுக்குப் பதில் ஓர் 'எஸ்' ஒட்டினால் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். சேதம் என்ற பொருளில் டேமேஜுக்குப் பன்மை கிடையாது. புயலில் நூறு வீடு இடிந்தாலும் 'எ லாட் ஆஃப் டேமேஜ்'தான். 'மெனி டேமேஜஸ்' அல்ல. எஸ் சேர்ந்தால் அது சட்டச் சொல்: வழக்காடிப் பெறும் இழப்பீட்டுத் தொகை.

1854இல் இங்கிலாந்தில் தீர்ப்பான ஹாட்லி எதிர் பாக்ஸன்டேல் வழக்கைப் பாருங்கள். மாவு மில்லின் கிராங்க் ஷாஃப்ட் உடைந்தது, அது டேமேஜ். புதிது செய்ய மாதிரியாக அதைக் கொண்டுபோனவர்கள் தாமதித்தார்கள், மில் ஓடாமல் நின்றது. போன லாபத்துக்காக மில்காரர்கள் கேட்ட பணம் டேமேஜஸ். ஷாஃப்டை உடைத்தது கொண்டுபோனவர்கள் அல்லவே! இரண்டையும் ஒன்றாக்கினால் வழக்கே தலைகீழாகிவிடும்.

ஒருமுறை, சரக்கு உடைந்து வந்ததாக எழுந்த புகாருக்கான பதில் கடிதம் என்னிடம் வந்தது. 'சேதமானது உண்மைதான்' என்று சொல்லவந்தவர், 'வீ அக்செப்ட் தி டேமேஜஸ்' என்று முடித்திருந்தார். கேட்ட தொகையைத் தரச் சம்மதம் என்று எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளலாம். கையெழுத்தாகும் முன் அடித்துத் திருத்தினேன். "ஒரு எஸ்தானே சார்?" என்றார். அந்த ஒரு எஸ்ஸுக்குத்தான் பணம் கட்ட வேண்டிவரும்.

ஆளுக்கு டேமேஜ்

விபத்தில் அடிபட்டவர் 'இஞ்சுர்ட்'. கத்தியோ குண்டோ பாய்ந்தால் 'வூண்டட்'. உறுப்பு என்றால் டேமேஜ் வரும்: பிரெய்ன் டேமேஜ், லிவர் டேமேஜ். ஆளையே 'டேமேஜ்ட்' என்றால் மனம் சிதைந்தவர் என்று ஆகிவிடும். நோகடிக்கும் சொல் அது. 'எல்லார் முன்னாடியும் டேமேஜ் பண்ணிட்டான்' என்பது நம் பேச்சு வழக்கு. ஆங்கிலத்தில் அப்படியே எழுதாதீர்கள்.

எதற்குச் சேதம்?

'டேமேஜ் டு தி ரூஃப்'. 'ஆஃப்' வேண்டாம்.

வினைச்சொல்

சேதம் விளைவித்ததைச் சொல்ல 'டூ டேமேஜ்', 'காஸ் டேமேஜ்' இரண்டும் சரி. 'மேக்' வராது.