ஆங்கில வகுப்பில் பவர்பாயிண்ட்: நான் செய்த தவறுகள் உங்களுக்கு வேண்டாம்

மண்டபம் பக்கம் ஒரு பள்ளியில் ஆங்கிலம் எடுக்கிறேன். முதன்முதலாகப் புரொஜெக்டர் போட்டு எட்டாம் வகுப்புக்குப் பாடம் நடத்திய அன்று என்னிடம் 42 ஸ்லைடுகள் இருந்தன. இரண்டு ராத்திரி கண் விழித்துச் செய்தவை. எழுத்துகள் சுழன்று வந்து விழும், மணி அடிக்கும். பன்னிரண்டாவது ஸ்லைடில் முன் பெஞ்சுப் பிள்ளை ஒருத்தி கையைத் தூக்கினாள். சந்தேகம் கேட்கப் போகிறாள் என்று ஆசையாகத் திரும்பினேன். "டீச்சர், மாத்தாதீங்க டீச்சர், இன்னும் எழுதி முடிக்கல."

அப்போதுதான் பார்த்தேன், வகுப்பே குனிந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தது. மணி அடிக்கும்வரை ஒருவர் வாயிலிருந்தும் ஓர் ஆங்கில வாக்கியம் வரவில்லை.

பவர்பாயிண்ட் 1987இல் வந்தபோது அலுவலகக் கூட்டங்களை மனதில் வைத்துத்தான் செய்தார்கள். ஒருவர் பேசுவார், மற்றவர்கள் கேட்பார்கள். மொழி வகுப்பில் பேச வேண்டியவர்களே கேட்க உட்கார்ந்திருப்பவர்கள்தான். இதை மறந்துவிட்டு ஸ்லைடு செய்ய உட்கார்ந்தால் பாதித் தவறுகள் தாமாகவே வந்து ஒட்டிக்கொள்ளும்.

அதில் பெரியது, பாடப் புத்தகத்தின் பத்தியை அப்படியே ஸ்லைடில் ஒட்டி, அதையே நாமும் சத்தமாகப் படிப்பது. ரிச்சர்ட் மேயர் என்ற அமெரிக்க உளவியலாளர் இதைப் பற்றி நிறைய ஆய்வு செய்திருக்கிறார். படமும் விளக்கப் பேச்சும் போய்க்கொண்டிருக்கும்போது, அதே பேச்சைத் திரையில் எழுத்தாகவும் ஓடவிட்டால் கற்பது பெரும்பாலும் குறைகிறது என்கிறார். கண் படத்துக்கும் எழுத்துக்கும் நடுவே அல்லாடுகிறது. ஆனால் இதை அப்படியே நம் வகுப்புக்குக் கொண்டுவர முடியாது. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத பிள்ளைக்குப் புதுச் சொல்லைக் கண்ணால் பார்ப்பது உதவும் என்பதை அவரும் ஒத்துக்கொள்கிறார். அதனால் நான் ஒரு நடுவழி வைத்திருக்கிறேன். புதுச் சொல் மட்டும் திரையில் இருக்கும், வாக்கியம் பிள்ளைகள் வாயில். ஒரு படம், இரண்டு மூன்று சொற்கள், அவ்வளவுதான்.

அடுத்தது, கேள்வியையும் பதிலையும் ஒரே ஸ்லைடில் ஒன்றாகக் காட்டுவது. பதில் கண்ணெதிரே நிற்கும்போது எந்தப் பிள்ளை யோசிக்கும்? அனிமேஷன் நிஜமாகவே உதவுகிற இடம் இதுதான். முதல் கிளிக்குக்குக் கேள்வி, இரண்டாவது கிளிக்குக்குப் பதில். நடுவில் நாம் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும், கஷ்டமே அங்கேதான். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் கவனித்தது: கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று வினாடியாக்கியதும் பிள்ளைகளின் பதில்கள் நீண்டன. நான் மனதுக்குள் ஐந்து வரை எண்ணுவேன். பிள்ளைகள் பேச ஆரம்பித்துவிட்டால் கீபோர்டில் 'B' எழுத்தைத் தட்டுங்கள். திரை கறுப்பாகிவிடும், பார்வை பக்கத்தில் இருப்பவர்மேல் திரும்பும். மறுபடி தட்டினால் ஸ்லைடு வந்துவிடும்.

படங்களுக்கு வருவோம். ரெடிமேடாகக் கிடைக்கிற ஸ்லைடுகளில் பனிமனிதன், இரட்டை மாடி பஸ், டாஃபடில் பூ. எங்கள் பிள்ளைகள் அவற்றைப் பார்க்கக் கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் பேச வைக்க அது உதவாது. சொல்லும் தெரியாது, பொருளும் தெரியாது என்றால் எதைப் பேசுவது? பொருள் கைப்பழக்கமாக இருந்து, ஆங்கிலச் சொல் மட்டும் குறைந்தால் போதும். இறங்குதளத்தில் மீன் கொட்டியிருந்ததைப் போனில் எடுத்து ஒருநாள் திரையில் போட்டேன். நெத்திலி ஆன்சோவி, கணவாய் ஸ்க்விட் என்று நான் சொல்லச் சொல்ல, "அதுக்குப் பக்கத்துல இருக்கறதுக்கு என்ன டீச்சர்?" என்று கேள்வி எனக்குத் திரும்பியது. சிலதற்கு எனக்கே ஆங்கிலம் தெரியவில்லை. திருக்கைக்கு ரே என்றதும் ஒருவன், "அது சூரியக் கதிர் இல்லையா?" என்று மடக்கினான். இரண்டுக்கும் உச்சரிப்பு, எழுத்து எல்லாம் ஒன்றுதான். அன்றைக்கு அந்த ஒரே ஸ்லைடிலேயே பீரியட் போய்விட்டது. (ஆட்களின் முகம் விழாமல் படம் எடுங்கள், விழுந்தால் கேட்டுவிட்டுப் போடுங்கள்.)

காலங்களை நடத்தப் பாம்பன் பாலத்தைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை. 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்தில் கப்பல் வந்தால் நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து எழுந்தது, ஆட்கள் கையால் இயக்கினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதி அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் உயரும். பழையதற்கு 'தே ஓபன்ட்', புதியதற்கு 'தே லிஃப்ட்'. இறந்த காலமும் நிகழ்காலமும் இரண்டு படங்களில் நிற்கின்றன, வினைச்சொல்கூட வேறு. இலக்கண விதியைப் பெட்டி போட்டு எழுதிய ஸ்லைடை அதற்கப்புறம் நான் திறக்கவே இல்லை.

உச்சரிப்புக்காக ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் ஸ்லைடில் போடுவது எல்லோரும் செய்வது, நானும் செய்தேன். மட்டை, கெட்ட, அட்டை, தட்டிக்கொடுத்தல் ஆகிய நான்குக்குமான ஆங்கிலச் சொற்களை (bat, bad, pad, pat) தமிழில் எழுதிப் பாருங்கள். நான்கும் 'பேட்' என்றே வந்து நிற்கும். பிள்ளை அதைப் பார்த்து எழுதிக்கொண்டால் பிறகு பிரித்துச் சொல்லித் தருவது பெரும்பாடு. நான்கு சொற்களையும் ஆங்கில எழுத்தில் படத்தோடு வைத்து, ஒவ்வொன்றிலும் ஒலியைப் பதிவு செய்து ஒட்டிவிடுங்கள். இன்செர்ட் மெனுவில் ஆடியோ இருக்கிறது, போன் பதிவே போதும்.

தொழில்நுட்பத் தவறுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் தமிழ் அடித்தால், அது இல்லாத கணினியில் கோழி கிளறிய மாதிரி தெரியும், யூனிகோடில் அடியுங்கள். யூடியூப் இணைப்பை நம்பிப் போகாதீர்கள், பள்ளியில் நெட் வராத அன்றுதான் அந்தப் பாடம் இருக்கும். வீட்டில் அழகாகத் தெரிந்த மஞ்சள் எழுத்து எங்கள் ஊர் வெயிலில் காணாமல் போகும். கடலைப் பார்த்த ஜன்னல்களை மூடினால் வேர்த்துக் கொட்டுகிறது, திறந்தால் திரை வெளுக்கிறது. வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து, பெரிதாக. கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். உப்புக்காற்றில் கேபிள் முனை பச்சை பூத்துவிடும், வேலை முடிந்ததும் துடைத்து மூடி போட்ட டப்பாவில் வைப்பது எங்கள் பழக்கம். விளக்கு வைத்த புரொஜெக்டரை அணைத்தவுடன் பிளக்கைப் பிடுங்காதீர்கள், மின்விசிறி நின்ற பிறகு பிடுங்குங்கள்.

கரன்ட் போனால் என்ன செய்வது என்று யோசிக்காமல் வருவதும் தவறுதான். போன மாதம் பாலம் பாடத்தின் நடுவில் போயிற்று. சாக்பீஸை எடுத்துப் புதிய பாலத்தைப் போர்டில் வரைந்தேன். எனக்கு ஓவியம் வராது. நடுப்பகுதியைத் தெரியாத்தனமாக இரண்டாகப் பிளந்து வைத்துவிட்டேன் போல. இதுவரை வாயே திறக்காத ஒரு பையன் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து வந்து, டஸ்டரால் அழித்து, செங்குத்தாகக் கோடு போட்டான்.

"டீச்சர், தே நாட் ஓபன். தே லிஃப்ட்."

'டோன்ட்' வரவில்லை. நான் திருத்தவில்லை.