பழைய ஸ்டோரை வீடாக்கியிருக்கீங்களா? அதோட கதையை இப்படித் தேடுங்க

மூடிக்கெடந்த தேயிலை ஸ்டோர, அதாவது தேயிலை ஃபேக்டரிய, ஆள் தங்குற எடமா மாத்துறது நம்ம மலையகத்துல புதுசு இல்ல, கந்தப்பளை ஹெதர்செட் ஸ்டோர் 1996லயே ஹோட்டலாயிருச்சு. ஆனா அந்த மாதிரி கட்டடத்துல குடியிருக்கிற நெறைய பேருக்கு அது எப்ப கட்டினது, எந்த ரூம்ல என்ன நடந்துச்சுன்னு தெரியாது.

பேப்பர் தேடி ஓடுறதுக்கு முன்னாடி கட்டடத்தையே பாருங்க. மேல் மாடி நீளமா, ரெண்டு பக்கமும் வரிசையா ஜன்னல், பலகைத் தரைன்னு இருந்தா அதுதான் கொழுந்து வாட்டின எடம், பறிச்ச கொழுந்துல இருக்கிற ஈரம் போகக் காத்து வேணும், அதுக்குத்தான் அத்தன ஜன்னல். கொழுந்த உருட்டுற ரோலர், காய வைக்கிற அடுப்பு, தூள் பிரிக்கிற சல்லடை எல்லாம் பாரம்ங்கிறதால கீழ் தரையிலதான் இருந்திருக்கும். செவத்துல, உத்தரத்துல வரிசையா இரும்பு பிராக்கெட் தெரிஞ்சா அது மெஷின்கள ஓட்டின பெல்ட்டோட ஷாஃப்ட்டப் பிடிச்சது, அப்படியே வெளிய போய் ஆத்துப் பக்கம் குழாயோ கல்லுக் குழியோ இருக்கான்னும் பாருங்க, நெறைய ஸ்டோர் தண்ணி டர்பைன்லதான் ஓடிச்சு. பழைய மெஷின் ஏதாச்சும் மிஞ்சியிருந்தா பெயிண்ட் அடிக்க முன்னாடி பேர்த் தகட்ட போட்டோ எடுத்து வைங்க. சிரோக்கோன்னு இருந்தா பெல்ஃபாஸ்ட் டேவிட்சன் கம்பெனி அடுப்பு, மார்ஷல்னு இருந்தா இங்கிலாந்து கெயின்ஸ்பரோ சரக்கு. எது எப்படி இருந்திருக்கும்னு பார்க்க ஹந்தானை தேயிலை மியூசியத்துக்கு ஒரு நடை போங்க, அதுவே 1925ல கட்டின ஸ்டோர்தான்.

அடுத்தது வெள்ளக்காரன் காலத்துல வந்த ஃபெர்குசன் டைரக்டரிங்கிற விவரப் புத்தகம். தோட்டம், ஏக்கர், துரை (தோட்ட மேனேஜர்) பேரு எல்லாம் அதுல இருக்கும், கொழும்புல பழைய ஆவணம் வச்சிருக்கிற சுவடிக்கூடத்துல கேளுங்க. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரை தோட்டத்துல 1867ல இலங்கையிலயே முதல்ல வியாபாரத்துக்குத் தேயிலை போட்டாரு, 1869ல கோப்பி இலை நோய் வந்து அப்புறம்தான் மத்தவங்களும் தேயிலைக்கு மாறினாங்க, அதனால தோட்டம் அதுக்கும் பழசுன்னா முதல்ல கோப்பிதான் இருந்திருக்கும். உறுதி (காணிப் பத்திரம்) தேடுறவங்க தோட்டங்கள அரசாங்கம் எடுத்துக்கிட்ட 1972, 1975 காணிச் சட்டங்கள மறக்காதீங்க, கைமாறின எடமே அங்கதான் குழம்பும்.

டைரக்டரில துரை பேருதான் வரும், ரோலர் ஓட்டினவரு பேரு வராது. அதுக்கு லயத்துல (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்ல) இருக்கிற வயசான ஆளுங்க, ஸ்டோர்ல தேயிலைத் தயாரிப்பப் பார்த்து ரிட்டயரான டீமேக்கர்தான். சும்மா "பழைய கதை சொல்லுங்க ஐயா"ன்னு கேட்டா ஒண்ணும் வராது, கட்டடத்தோட படம் ஒண்ணு கையால வரைஞ்சு எடுத்துட்டுப் போய் எது எங்க இருந்துச்சுன்னு அவங்களையே குறிக்கச் சொல்லுங்க, எந்த ஷிஃப்ட்ல யாரு நின்னாங்கங்கிறது வரைக்கும் தானா வரும்.