ரெண்டு டீச்சர் ஸ்கூல்ல ஒருத்தர் நீண்ட லீவுல போனா எப்படி சமாளிக்கறது

அஞ்சாவது வரைக்கும் இருக்கற ஸ்கூல்ல 60 பிள்ளைங்க வரைக்கும் ரெண்டு டீச்சர்னு 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்லுது, அதுல ஒருத்தங்க பிரசவ லீவுல போனா, தமிழ்நாட்டுல அரசு டீச்சருக்கு 2021லேர்ந்து அது 12 மாசம் (குடுக்க வேண்டியதுதான், அதுல தப்பே இல்ல), மிச்சம் இருக்கறவங்க தலைல அஞ்சு கிளாஸும் விழும். பதில் ஆள் தானா வரமாட்டாங்க.

லீவு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே பள்ளி மேலாண்மைக் குழுவக் கூட்டி பதில் ஆள் வேணும்னு தீர்மானம் எழுதி, கையெழுத்து வாங்கி, வட்டாரக் கல்வி அலுவலர் ஆபீஸ்ல குடுத்து உங்க காப்பில சீல் வாங்கிடுங்க, வாய்ல சொன்னதெல்லாம் காத்தோட போயிடும். பக்கத்துல பிள்ளைங்க கம்மியா இருக்கற ஸ்கூல் பேரைப் போட்டே மாற்றுப்பணி (அங்க இருக்கற டீச்சர கொஞ்ச நாளைக்கு இங்க அனுப்பறது) கேளுங்க. தற்காலிக ஆளுன்னா உள்ளூர்ல டி.டி.எட். (ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ) முடிச்சவங்களத் தேடுங்க, 2022ல தற்காலிக இடைநிலை ஆசிரியருக்கு (சின்ன கிளாஸ் டீச்சர்) மாசம் 7,500 தான் அறிவிச்சாங்க, வெளியூர்லேர்ந்து வந்தா பஸ்ஸுக்கே சரியா போச்சு.

அதுவரைக்கும் 1, 2, 3 எல்லாரையும் ஒரே ரூம்ல வச்சு அரசோட எண்ணும் எழுத்தும் திட்டத்துல வர்ற மாதிரி, அவங்கவங்க கத்துக்கிட்ட அளவ வச்சு அரும்பு, மொட்டு, மலர்னு பிரிச்சு உக்கார வைங்க. 4, 5க்கு கணக்கு காலைலயே முடிச்சிடுங்க, சாப்பாட்டுக்கு அப்புறம் கதை, படம். பெரிய பிள்ளைங்கள சின்னதுங்களுக்கு வாசிச்சுக் காட்டச் சொல்லலாம், ஆனா டீச்சராவே ஆக்கிடாதீங்க.