காட்டுக் காளானைச் சட்டிக்குத் தயார் செய்வது

என்ன காளான் என்று உறுதியாகத் தெரியாததை நான் சமைப்பதே இல்லை. டெத் கேப் என்ற உயிரைக் கொல்லும் காளானின் நஞ்சு எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அழியாது. அதன் அடிக்காம்பைச் சுற்றி மண்ணுக்குள் ஒரு பை போன்ற உறை இருக்கும். அதனால் காளானை நன்கு அறிந்தவர் முழுதாகப் பார்த்துச் சொல்லும்வரை அடியை வெட்டாதீர்கள்.

சரி, இனி சுத்தம். மண் ஒட்டிய அடியை நறுக்கிவிட்டு, மென்மையான பழைய பல்துலக்கியால் குடையின் மேலிருந்து விளிம்பை நோக்கித் தேய்ப்பேன். குடையின் அடியில் மடிப்புகள் உள்ள காளானைக் கவிழ்த்து மெதுவாகத் தட்டினால் சருகும் பூச்சியும் உதிரும். பிறகு ஒவ்வொன்றையும் நெடுக்காகப் பிளந்து பாருங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது. புழுத் துளை ஒன்றிரண்டு இருந்தால் அந்த இடத்தை மட்டும் வெட்டலாம். சல்லடையாக இருந்தாலோ, கொழகொழவென்று ஆகியிருந்தாலோ, வாடை அடித்தாலோ வீசிவிடுங்கள்.

தண்ணீர் ஆகாது என்பார்கள். மணல் போகவில்லை என்றால் ஓடும் நீரில் சட்டென்று அலசித் துணியில் ஒற்றி எடுப்பதில் தவறில்லை, ஊறவைக்கத்தான் கூடாது. தேன்கூடு போன்ற குடையுள்ள மோரல் காளான் உள்ளே வெற்றுக் கூடாக இருக்கும். பூச்சிகள் அங்கேதான் பதுங்கும், அதைப் பிளந்து கட்டாயம் அலச வேண்டும். பச்சையாக அது நஞ்சு, நன்றாக வேகவேண்டும்.

அகலமான சட்டியில் எண்ணெயில்லாமல் போட்டு, விட்ட நீர் வற்றியதும் எண்ணெயும் உப்பும் சேர்ப்பேன். ஒரு வகையை முதன்முறை உண்ணும்போது கொஞ்சமே போதும்; சமைக்காத ஒன்றைக் குளிர்பெட்டியில் எடுத்து வையுங்கள். யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் மருத்துவரிடம் காட்ட அது உதவும்.