மலையிலிருந்து ஒரு மெக்சிகோ சமையல் கூடை

எங்கள் மதினி பண்ணைக்காட்டில் இருக்கிறார். புடவை எடுத்துக் கொடுத்தால் பீரோவுக்குள் போய்விடும். புதிதாக ஒரு மசாலா கொடுத்தால் அன்று ராத்திரியே அடுப்பில் ஏறிவிடும். அவருக்காகக் கிறிஸ்துமஸுக்கு மெக்சிகோ சமையல் சாமான்களைக் கூடையாகக் கட்டிக் கொடுத்தேன். கொடைக்கானலில் இருந்துகொண்டு இதையெல்லாம் எப்படிச் சேர்த்தாய் என்று அக்கம்பக்கத்தில் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது.

கடைகளில் மெக்சிகன் என்று போட்டு விற்கும் பெட்டிகளில் பெரும்பாலும் உள்ளே கறி, காய் வைத்துச் சாப்பிடும் மொறுமொறு டாக்கோ ஓடு, நாச்சோ சிப்ஸ், பாட்டில் சல்சா, மசாலா பாக்கெட் இருக்கும். பிள்ளைகளுக்கு அது சரி. சமையலில் பிரியமுள்ளவருக்கு ஊறவைக்க, வறுக்க, அரைக்க, தட்ட ஏதாவது வேண்டும். அதனால் ஒரே ஒரு சாப்பாட்டை மனதில் வைத்துக் கூடையை நிரப்புங்கள். நான் எடுத்துக்கொண்டது சோள மாவில் தட்டிச் சுடும் டோர்ட்டியா என்ற மெல்லிய ரொட்டி, அதற்கு வற்றல் மிளகாய்ச் சாறு, கூடவே வேகவைத்த பீன்ஸ். மற்றதெல்லாம் இடமிருந்தால்தான்.

மாவில்தான் பலர் தவறுகிறார்கள். மளிகைக் கடையில் கிடைக்கும் மஞ்சள் மக்காச்சோள மாவில் டோர்ட்டியா வராது, விண்டு போகும். வெள்ளை கார்ன்ஃப்ளார் வெறும் ஸ்டார்ச், அது அறவே ஆகாது. மெக்சிகோவில் காய்ந்த சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ராத்திரி முழுக்க ஊறவிட்டு, தோலைக் கழுவி எடுத்த பிறகுதான் அரைப்பார்கள். சுண்ணாம்பு பட்டால்தான் மாவுக்கு ஒட்டும் குணம் வரும். சோளத்தில் அடைபட்டிருக்கும் நயாசின் சத்தும் அப்போதுதான் உடம்பில் சேரும். அப்படிப் பக்குவப்படுத்திக் காயவைத்து அரைத்த மாவுக்கு மாசா அரீனா என்று பெயர். ஆன்லைனில் கிடைக்கிறது. பாக்கெட்டின் பின்பக்கம் சோளத்தோடு சுண்ணாம்பும் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மலைக்குப் பார்சல் ஏறி வர நாளாகும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வாங்கும்போதே ஒரு கிலோவாக வாங்குவது நல்லது. கை பழகும்வரை கொஞ்சம் மாவு வீணாகத்தான் செய்யும். இரண்டு கப் மாவுக்கு ஒன்றரை கப் வெதுவெதுப்பான தண்ணீர், உப்பு. பிசைந்து மூடி அரை மணி நேரம் விட வேண்டும். பிறகு எலுமிச்சை அளவு உருண்டை எடுத்து உள்ளங்கையில் அழுத்திப் பார்க்க வேண்டும். ஓரம் வெடித்தால் தண்ணீர் போதவில்லை, கையில் அப்பினால் அதிகம். ஓரம் வெடிக்காமல், விரல் ரேகை மட்டும் பதிந்து நின்றால் பதம் சரி. வாழையிலைத் துண்டு இரண்டுக்கு நடுவே வைத்து பூரி பிரஸ்ஸில் ஒரே அழுத்து, நன்றாகக் காய்ந்த தோசைக்கல்லில் பக்கத்துக்கு ஒரு நிமிஷம். எண்ணெய் வேண்டாம். வெந்ததைத் துணியில் சுற்றி அடுக்கினால் மிருதுவாகும். மதினியிடம் பூரி பிரஸ் இல்லை, அதனால் அதையும் கூடையிலேயே வைத்தேன்.

மாவையும் தானே தயாரிக்க ஆசைப்படுபவர் என்றால் ஒரு கிலோ காய்ந்த மக்காச்சோளமும் 10 கிராம் சுண்ணாம்புப் பொடியும் தனியாகக் கட்டிக் கொடுங்கள். சமையலுக்கென்று விற்கும் சுண்ணாம்பாக இருக்க வேண்டும். விதைச் சோளத்தில் மருந்து தடவியிருப்பார்கள், அதை எக்காரணத்தைக் கொண்டும் வாங்காதீர்கள். அலுமினியப் பாத்திரத்தைச் சுண்ணாம்பு அரிக்கும். எவர்சில்வரில்தான் வேகவைக்க வேண்டும் என்று சீட்டில் எழுதிவிடுங்கள்.

அடுத்தது மிளகாய். நம்மிடம் இல்லாத மிளகாயா என்று தோன்றும். இவற்றை வாங்குவது காரத்துக்காக இல்லை. அங்கே போப்லானோ என்று ஒரு குண்டு மிளகாய் உண்டு. பழுத்துக் காய்ந்தால் அதுவே ஆன்சோ. கருஞ்சிவப்பாக, சுருங்கி, அகலமாக இருக்கும். டப்பாவைத் திறந்ததும் உலர்திராட்சை வாசனை அடிக்கும். நல்ல ஆன்சோ வளைத்தால் வளையும். ஒடிந்தால் பழைய சரக்கு. குவாஹியோ நீளமாக, தோல் வழவழப்பாக இருக்கும், நல்ல சிவப்பு கொடுக்கும். சிப்போட்லே என்பது பழுத்த ஹலபேன்யோ மிளகாயைப் புகைபோட்டுக் காயவைத்தது, காரமும் புகை மணமும் சேர்ந்து வரும். ஆன்சோ, குவாஹியோ இரண்டும் 50 கிராம் வீதம் இருந்தால் ஓரிரு சமையலுக்கு வரும். குவாஹியோ கிடைக்காவிட்டால் பேடகி மிளகாய் வையுங்கள். நிறம் ஓரளவு வந்துவிடும், மணம் வேறுதான். ஆன்சோவுக்கு மட்டும் இங்கே மாற்று இல்லை.

சாறுக்கு நான் எழுதிக் கொடுத்த குறிப்பு இது. குவாஹியோ நாலு, ஆன்சோ இரண்டு. காம்பும் விதையும் எடுத்துவிட்டு, காய்ந்த கல்லில் சில விநாடி மட்டும் புரட்ட வேண்டும். நம் மிளகாய்ப்பொடிக்கு வறுப்பதுபோல வறுத்தால் கசந்துவிடும். சுடுதண்ணீரில் இருபது நிமிஷம் ஊறவைத்து, கல்லில் சுட்ட பூண்டு, அரை வெங்காயம், சிட்டிகை சீரகம், உப்பு சேர்த்து அரைத்து, வடிகட்டி, கொஞ்சம் எண்ணெயில் கொதிக்கவிட்டால் முடிந்தது. பூண்டு கொடைக்கானல் மலைப்பூண்டுதான். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு. காட்டம் அதிகம், இரண்டு பல் போதும்.

வெளியூர்ச் சரக்கு இவ்வளவுதான். மீதியை ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் முடித்துவிடலாம். சௌசௌ மெக்சிகோவைச் சேர்ந்த கொடிதான். கீழ்மலையில் பந்தல் போட்டு விளைவிக்கிறோம், மெக்சிகோவில் மோலே தே ஒய்யா என்ற இறைச்சிச் சாற்றில் சோளக்கதிரோடு வெட்டிப் போடுகிறார்கள். கூட்டு தவிர வேறெதுவும் செய்யாத காயைப் புதிதாகப் பார்க்கட்டும் என்று இரண்டு வைத்தேன். காய்ந்த சிவப்பு பீன்ஸ் அரைக்கிலோ. கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம், தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் பீன்ஸ் வேக ரொம்ப நேரமாகும். இங்கே இருப்பவருக்குக் கொடுத்தால் குக்கரில் கூடுதல் விசில் என்று எழுதுங்கள். பட்டர் ஃப்ரூட் சீசன் இருந்தால் கல்லுப்போல இருக்கும் காயாகப் பார்த்து, பேப்பரில் சுற்றி வையுங்கள். பழுத்தது வழியிலேயே நசுங்கும்.

இன்னும் இடம் இருந்தால் காபி. அங்கே மண்பானையில் காபித்தூளைப் பட்டையோடும் பிலோன்சியோ என்ற கரும்புவெல்லத்தோடும் காய்ச்சி வடிகட்டிப் பாலில்லாமல் குடிப்பார்கள். தாண்டிக்குடிக் காபித்தூள், அச்சுவெல்லம், சிலோன் சுருள்பட்டை மூன்றும் போதும். பட்டை விரலால் நொறுங்குகிற மெல்லிய வகையாக இருக்கட்டும். மெக்சிகோவிலும் அதைத்தான் விரும்புகிறார்கள். சாக்லேட் வைப்பதானால் இங்கே விற்கும் பால், நட்ஸ் போட்டது ஒத்துவராது. கொக்கோ அதிகமுள்ள கறுப்புச் சாக்லேட்டோடு நம் மர மத்து ஒன்றை வையுங்கள். அங்கேயும் சூடான சாக்லேட்டை மரக்கடைசலை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டித்தான் நுரைக்கக் கடைகிறார்கள்.

கட்டும் விஷயத்துக்கு வருவோம். ஏரியைச் சுற்றிச் சோளம் சுடுபவர்களிடம் உரித்த மட்டையைக் கேட்டால் சந்தோஷமாகத் தருவார்கள். உள்பக்கத்து அகல மட்டைகளாகப் பொறுக்கிக் கழுவி, நல்ல வெயிலில் வைக்கோல் நிறம் வரும்வரை காயவிடுங்கள். மூங்கில் கூடைக்குள் பாட்டில்கள் முட்டாமலிருக்க இதையே திணித்துவிடலாம். தெர்மகோலும் வேண்டாம், பிளாஸ்டிக்கும் வேண்டாம். பிரித்த பிறகு அதே மட்டையைச் சுடுதண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, இலைக் கொழுக்கட்டைபோல மாவும் பூரணமும் வைத்து மடித்து ஆவியில் வேகவைத்தால் தமாலே. மெக்சிகோவில் கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வீடு அதுதான்.

பனிமூட்டம் உள்ள நாளில் மிளகாயையும் மாவையும் பிரித்து மாற்றாதீர்கள், ஈரம் ஏறினால் பூஞ்சை பிடிக்கும். வெயில் அடிக்கும் மத்தியானத்தில் காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் அடைத்து, ஒவ்வொன்றிலும் பெயரும் தேதியும் ஒட்டுங்கள். பூரி பிரஸ், பீன்ஸ், சௌசௌ அடியில், பாட்டில்கள் நடுவில், பட்டர் ஃப்ரூட் கடைசியாக மேலே. குறிப்புச் சீட்டைக் கைப்பட எழுதி மாவுப் பாட்டிலின் கழுத்திலேயே கட்டிவிடுங்கள், அடியில் போட்டால் தேடிக்கொண்டிருப்பார்கள். சீஸ் வைக்க நினைத்தால் கூடையில் வேண்டாம், நேரில் போகும்போது கையில் கொண்டுபோங்கள். பன்னீரை உதிர்த்து உப்பு தூவினாலும் டாக்கோவுக்கு நன்றாகவே இருக்கும்.