துருப்பிடித்த நட்டும் பிளஸ் ஒன் கணக்கும்

மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் விசைப்படகுகள் கரையில் கிடக்கும். பாம்பனில் இன்ஜின் வேலை பார்க்கும் எனக்கு அப்போதுதான் மூச்சுவிட நேரமிருக்காது. போன வருஷம் ஒரு படகில், இன்ஜினையும் புரொப்பல்லர் தண்டையும் இணைக்கும் கப்ளிங்கின் நட்டு உப்புக்காற்றில் இறுகிப்போனது. கூடவே வந்த அக்கா மகன் பிளஸ் ஒன். "மாமா, இதுதான் எங்க பாடத்துல திருப்பு விசை" என்றான். கொடுக்கும் விசையை நட்டிலிருந்து உள்ள தூரத்தால் பெருக்கினால் வருவதுதான் அது. சரி, கணக்குப் போடு என்றேன்.

ஸ்பேனரில் பைப்பைச் செருகிப் படுக்கைவாட்டில் மாட்டினோம். மேல்நோக்கித் தள்ளினால் நட்டு கழலும். தூரத்தை நட்டின் நடுவிலிருந்து அளக்க வேண்டும், ஸ்பேனர் வாயிலிருந்து அல்ல. நான் 0.9 மீட்டரில் நேர்செங்குத்தாக 200 நியூட்டன் கொடுத்தேன் என்று வையுங்கள்: 200 × 0.9 = 180. 1914இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தின் தூக்குப் பகுதியை ஆட்கள் நீளக் கம்பிகளைத் தள்ளியே திறந்ததும் இந்தத் தூரத்தை நம்பித்தான்.

அவன் மேல்தட்டில் நின்று, பைப்பில் 0.6 மீட்டரில் கட்டிய கயிற்றை இழுத்தான். நடுவில் நண்டு நிறுக்கும் தொங்கு தராசு. 25 கிலோ காட்டியது. கிலோவுக்கு 9.8 நியூட்டன், பட்டறைக்கு 10 போதும். ஆக 250. 250 × 0.6 = 150 என்று எழுதிவிட்டான். அங்கேதான் தப்பு. மேல்தட்டின் திறப்பு நட்டுப் பக்கம் இருந்ததால் கயிறு அந்தப் பக்கமாகச் சாய்ந்து, பைப்போடு 30 டிகிரிதான் இருந்தது. தரையோடு உள்ள கோணம் நமக்கு வேண்டாம். பைப்போடு உள்ளதுதான் வேண்டும். கயிறு சாய்ந்தால் அந்தக் கோணத்தின் சைனாலும் பெருக்க வேண்டும். சைன் 30 என்பது 0.5, ஆக 150 × 0.5 = 75. நம்பாமல் முழித்தான். நட்டின் நடுவிலிருந்து கயிற்றுக்குச் செங்குத்தாக டேப்பை வைத்தேன்: 30 சென்டிமீட்டர். 250 × 0.3, அதே 75.

பைப்பின் எடையையும் விடக்கூடாது. 4 கிலோ, அதாவது 40 நியூட்டன், அதன் நடுவில் 0.45 மீட்டரில் கீழே இழுக்கிறது. எதிர்த்திசை, அதனால் கழிக்க வேண்டும்: 18.

180 + 75 − 18 = 237 நியூட்டன் மீட்டர். நட்டு அசையவில்லை.

கயிறு கட்டிய இடத்துக்கு நேர் மேலே உத்தரத்தில் ஒரு கப்பியை மாட்டி, கயிற்றை அதன் வழியே விட்டோம். இப்போது 90 டிகிரி. அவன் பங்கு 150, மொத்தம் 312. கிரீச்சென்று கால் சுற்று வந்தது.

திரும்ப முடுக்கும்போது பைப்பைக் கழற்றிவிடுங்கள். பைப்போடு முடுக்கி ஒரு போல்ட்டை முறித்துவிட்டு, புதுசு வாங்க ராமநாதபுரத்துக்கு பஸ் ஏறியவன் நான்.