குடிநோய்க்கு மாத்திரை: திருநங்கையரும் தன்பாலீர்ப்பு ஆண்களும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடிநோய்க்கு மாத்திரை உண்டு என்பதே நீலகிரியில் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் வாய் திறப்பதில்லை. மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியான ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது சிகிச்சை பெற்றிருக்கிறார். திருநங்கைகளும் தன்பாலீர்ப்பு ஆண்களுமான நமக்கு அந்த வாசல் இன்னும் குறுகலானது. அதற்கு ஏழ்மையும் மலைப்பாதையும் மட்டும் காரணமல்ல. நம்மில் பலரைச் சிறு வயதில் மருத்துவரிடம் இழுத்துச் சென்றது நம்மை 'மாற்றுவதற்காக'. அந்த அனுபவத்தோடு வளர்ந்தவர், மனநல மருத்துவர் சீட்டில் எதையாவது எழுதினால் மிரளத்தான் செய்வார். அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் குடிக்கான மாத்திரையையும் அந்தக் கொடுமையையும் ஒன்றாக எண்ணுவதுதான் நாம் செய்யும் முதல் தவறு.

குடிக்கான மாத்திரைகளான நால்ட்ரெக்சோனும் அகாம்ப்ரோசேட்டும் நம் பாலினத்தையோ யாரை விரும்புகிறோம் என்பதையோ தொடுவதில்லை. குடிக்கும்போது மூளையில் எழும் இன்பத்தை நால்ட்ரெக்சோன் தணிக்கிறது. நிறுத்தியபின் வரும் தவிப்பை அகாம்ப்ரோசேட் குறைக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2023-இல் இரண்டையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. 'குடியை விட்டால் இந்தப் பழக்கமும் சரியாகிவிடும்' என்று ஒரு மருத்துவர் சொன்னால் அவரை மாற்றுங்கள், மாத்திரையை விடாதீர்கள். அப்படி 'மாற்றும்' சிகிச்சை கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2021 ஜூன் 7 அன்று உத்தரவிட்டது. தேசிய மருத்துவ ஆணையமும் 2022-இல் அதைத் தொழில்முறைத் தவறாக அறிவித்துவிட்டது.

அடுத்த தவறை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது. பேருந்து நிலையச் சுவர்களில் விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள்: 'குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்.' அந்தப் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாமல் இருக்கலாம். அதைவிடக் கொடியது, டைசல்ஃபிராம் மாத்திரையைப் பொடித்துச் சாம்பாரிலும் டீயிலும் கலந்து கொடுப்பது. இந்த மருந்து உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் கொதிக்கும், வாந்தி எடுக்கும், நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் சரியும். இதயமோ கல்லீரலோ பழுதாகியிருந்தால் உயிரே போகலாம். கடைசி மாத்திரைக்குப் பிறகும் இரண்டு வாரம் வரை இந்த ஆபத்து நீடிக்கும். குடிப்பவர் முழுதாக அறிந்து, சம்மதித்து, ஒருவர் கண்காணிப்பில் எடுத்தால் மட்டுமே இது மருந்து. மகனைத் திருமணத்துக்குச் சம்மதிக்க வைக்க முதலில் குடியை நிறுத்தியாக வேண்டும் என்று நினைக்கும் வீடுகளில் இது நடக்கிறது. திருநங்கையர் குடும்பமாகக் கூடி வாழும் ஜமாத்தில், தத்தெடுத்த மகள்மேல் உயிரையே வைத்திருக்கும் குருவம்மாவும் இதைச் செய்வதுண்டு. அம்மா, உங்கள் பாசத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அவளுடைய தட்டில் அவளுக்குத் தெரியாமல் எதையும் போடாதீர்கள். ஒருமுறை அவளுக்குத் தெரிந்துவிட்டால், பிறகு எந்த மருத்துவர் கொடுக்கும் மருந்தையும் நம்பமாட்டாள்.

வைராக்கியத்தை மட்டும் நம்பி ஒரே நாளில் நிறுத்துவதும் ஆபத்து. கார்த்திகையில் மாலை போடுவதும், கோயிலில் கயிறு கட்டிக்கொள்வதும் பலருக்கு உண்மையாகவே கைகொடுத்திருக்கின்றன. கும்பிடும் தெய்வத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் காலையில் கண் விழித்ததும் ஊற்றினால்தான் கைநடுக்கம் நிற்கும் என்ற நிலையில் இருப்பவருக்கு, நிறுத்திய சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாளை ஒட்டி, இல்லாதது கண்ணுக்குத் தெரிவதும் தன்னை மறந்து பிதற்றுவதும் வரலாம். இதைக் காற்று, கருப்பு என்று சொல்லி மந்திரிக்க அழைத்துப் போகும் நேரத்தில் உயிர் போயிருக்கிறது. பந்தலூர்ப் பக்கத்து எஸ்டேட் லயத்தில் நள்ளிரவில் வலிப்பு வந்தால் 108 வண்டி ஏறி வர எவ்வளவு நேரமாகும் என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். ஆகவே முதலில் மருத்துவரைப் பாருங்கள். நடுக்கத்துக்குச் சில நாள் மாத்திரையும், தயமின் என்ற வைட்டமினும் கொடுத்துப் பத்திரமாக இறக்கிவிடுவார்கள். கயிற்றை அதற்குப் பிறகு கட்டிக்கொள்ளலாம்.

குளிருக்குக் குடிப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிராந்தி தோலில் மட்டும் சூட்டைக் காட்டி, உள்சூட்டை வெளியேற்றிவிடும். உறைபனிக் காலத்தில் போர்வையும் கஞ்சியும்தான் உதவும்.

'ஒரு போதையை விட்டு இன்னொரு போதையா?' என்று கேட்பவர்கள் உண்டு. நால்ட்ரெக்சோன் போதை தராது, அடிமையாக்காது. தொடக்கத்தில் சிலருக்குக் குமட்டலும் தலைவலியும் இருக்கும். சாப்பிட்டபின் எடுத்தால் பெரும்பாலும் தாங்கலாம். முழுதாக விட்டபிறகுதான் இதைத் தொடங்க வேண்டும் என்பதும் இல்லை. சான்பிரான்சிஸ்கோவில் தன்பாலீர்ப்பு ஆண்கள் உள்ளிட்ட பாலியல், பாலினச் சிறுபான்மை ஆண்கள் 120 பேரிடம் நடந்து 2022-இல் வெளியான ஆய்வு, குடிக்கத் தோன்றும் வேளையில் மட்டும் 50 மில்லிகிராம் எடுக்கும் முறையைச் சோதித்தது. மிதமிஞ்சிக் குடிப்பது குறைந்தது. நம்மைப் போன்றவர்களை நடுவில் வைத்தே ஒரு மருந்தைச் சோதித்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய ஆறுதல். நம் ஊரில் பொதுவாகத் தினம் ஒன்று என்றே எழுதுவார்கள். எது தனக்குப் பொருந்தும் என்று மருத்துவரிடம் கேட்பதில் தவறில்லை.

ஒளித்து வைப்பதில் வரும் கேடு தனி. கோத்தகிரிப் பக்கத்துத் தம்பி ஒருவர், உள்ளூர் மருந்துக்கடைக்காரர் அப்பாவுக்குத் தெரிந்தவர் என்பதால் மேட்டுப்பாளையம் இறங்கி மாத்திரை வாங்குவார். அட்டையைப் பிரித்து, ஒவ்வொன்றாக வைட்டமின் டப்பாவில் போட்டு வைப்பார். தேயிலைச் சரிவில் வழுக்கிக் கால் முறிந்தபோது வலிக்கு டிரமடால் ஊசி போட்டார்கள். வலி அடங்கவில்லை. நால்ட்ரெக்சோன் உடம்பில் இருந்தால் அபின் வகை (ஓபியாய்டு) வலிநிவாரணி சரியாக வேலை செய்யாது. விஷயத்தை அவர் சொன்ன பிறகுதான் வேறு மருந்து கொடுத்தார்கள். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கும் திருநங்கைகள் இதைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும். மயக்க மருந்து கொடுப்பவரிடம் முன்கூட்டியே சொன்னால், சில நாள் முன்பே மாத்திரையை நிறுத்தச் சொல்வார்.

ஹார்மோனுக்காகக் கருத்தடை மாத்திரையைக் கடையில் தாமே வாங்கி விழுங்கும் சகோதரிகளே, அதையும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். குடியால் ஏற்கெனவே நொந்துபோன கல்லீரல்தான் அதையும் தாங்குகிறது. நால்ட்ரெக்சோனுக்கு முன் கல்லீரல் பரிசோதனையும், அகாம்ப்ரோசேட்டுக்கு முன் சிறுநீரகப் பரிசோதனையும் செய்ய வேண்டும்.

எச்.ஐ.வி. கிருமியை அடக்கும் ஏ.ஆர்.டி. மருந்து எடுப்பவர்களில் பலர், குடித்த நாளில் அந்த மாத்திரையைப் போடக் கூடாது என்று நம்புகிறார்கள். போட வேண்டும். விட்டுவிட்டுப் போட்டால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போகலாம். இப்போது பரவலாகத் தரப்படும் டோலுடெகிராவிர் சேர்ந்த மாத்திரையும் நால்ட்ரெக்சோனும் ஒன்றோடொன்று மோதுவதில்லை.

போதை மீட்பு மையத்தில் சேருவதாக இருந்தால் எந்த வார்டு, முடியை வெட்டுவார்களா, எந்தப் பெயரில் அழைப்பார்கள் என்று முதலிலேயே கேளுங்கள். ஆண்கள் வார்டில் போட்டு, முடியை மழித்து, வந்த நோயைவிடப் பெரிய காயத்தோடு திரும்பியவர்கள் உண்டு. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் குடிநோயையும் உள்ளடக்கியது. பாலினம், பாலீர்ப்பு காரணமாகப் பாகுபாடு காட்டக் கூடாது என்றும், நோயாளியின் விவரங்களை ரகசியமாக வைக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. 'ரத்த சொந்தம் வந்தால்தான் பேசுவோம்' என்று யாராவது சொன்னால், அதே சட்டத்தில் நமக்கு ஒரு வழி இருக்கிறது. வயதுவந்த எவரும் தனக்கான பிரதிநிதியைத் தானே நியமிக்கலாம். அவர் உறவினராக இருக்க வேண்டியதில்லை. குருவோ, தோழியோ, உடன் வாழும் துணையோ, வயதுவந்த ஒருவர் எழுத்தில் ஒப்புதல் தந்தால் போதும். வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால் செல்லும். நிதானமாக இருக்கும் நாளிலேயே எழுதி, ஒரு பிரதியை அவரிடம் கொடுத்துவையுங்கள்.

இடையில் ஒருநாள் குடித்துவிட்டால் 'மாத்திரை வேலை செய்யவில்லை' என்று தூக்கி எறியாதீர்கள். நால்ட்ரெக்சோன் எடுப்பவர் மறுநாளும் எடுக்கலாம். டைசல்ஃபிராம் எடுப்பவர் குடித்துவிட்டால் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். யாரிடம் தொடங்குவது என்று தெரியாதவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரத்திலும் பேசலாம், தமிழிலேயே பதில் சொல்வார்கள். போதை மீட்புக்கு 14446. நேரில் போக விரும்பினால் உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவைக் கேளுங்கள். ஊரில் யாரும் பார்த்துவிடுவார்களோ என்று தயங்கினால் கோவை அரசு மருத்துவமனைக்குப் போங்கள். எங்கே போனாலும், எடுக்கும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.